கொல்லைப்புறத்து விருந்தாளிகள்

"உங்கள் வீட்டில் எத்தனை பேர்?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? நீங்கள், உங்களவர், குழந்தைகள், மாமியார், மாமனார் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் "நாலு பேர்" என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது கேட்டால், "சற்றுப் பொறுங்கள், நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்" என்பேன். எங்கள் கொல்லைக்கு வந்து போனவர்கள், சில மாதம் தங்கியவர்கள், குடித்தனமே நடத்தியவர்கள் எல்லாருமாகச் சேர்ந்து அந்த நோட்டில் இதுவரை 38 வகைப் பறவைகள் இருக்கின்றன. ஒருவராவது ஒரு பைசா வாடகை தந்ததில்லை!

கொல்லை என்றதும் பெரிய தோட்டம், துரவு என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கோயமுத்தூரிலிருந்து மருதமலைக்குப் போகும் சாலையில் எங்கள் வீடு. பின்பக்கம் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு வாழை, வேலியோரம் செம்பருத்தி, துணி துவைக்கும் கல், கல்லுக்குப் பக்கத்தில் தானாக முளைத்த நாட்டுப் பாதாம் கன்று. அவ்வளவுதான். மேற்கே பார்த்தால் மலை தெரியும். அதுதான் எங்கள் வீட்டின் ஒரே ஆடம்பரம்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஓர் அக்டோபர் மாதக் காலையில். சமையலறை ஜன்னல் கண்ணாடியில் 'பட்' என்று ஏதோ மோதிய சப்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தால், துவைக்கும் கல்லடியில் ஒரு பறவை சுருண்டு கிடக்கிறது. முதுகு பச்சை. தோளில் வானநீலம். மார்பு சந்தன நிறம். அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. வால் மட்டும் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி அத்தனை குட்டை! ஜவுளிக்கடையில் இப்படி ஒரு சேலையை எடுத்துப் போட்டால், "இத்தனை நிறமா?" என்று நாம் தள்ளி வைத்துவிடுவோம். அதன் உடம்பில் என்னமோ எல்லாம் பொருந்தியிருந்தது.

நான் பதறிப் போய்ச் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். என் அத்தை, அதாவது மாமியார், தடுத்தார்.

"அம்மிணி, தண்ணிய வாயில ஊத்தாதே. பொறையேறிச் செத்துப் போயிரும். கூடையைப் போட்டு மூடி வையி. இருட்டுல சித்த நேரம் கெடந்தா தானாத் தெளிஞ்சுக்கும். ஒறம்பரை வந்திருக்குது, வந்ததும் வராததுமாக் கலைக்காதே!"

கொங்கு நாட்டில் விருந்தாளியை 'ஒறம்பரை' என்பார்கள். அத்தை சொன்னபடியே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, மேலே துணியைப் போட்டு வைத்தேன். சாயங்காலம் கூடையை நிமிர்த்தியதும் அது ஒருமுறை எங்களை நிமிர்ந்து பார்த்தது. பிறகு தத்தித் தத்தி நடந்து, வாழையடிச் சருகுக்குள் புகுந்துகொண்டது. மறுநாள் காலை ஆறு மணிக்கு அங்கிருந்து இரண்டு சுருதியில் ஒரு சீழ்க்கை. அன்று மாலை ஆறு மணிக்கு மறுபடியும் அதே சீழ்க்கை!

அதன் பெயரே 'ஆறுமணிக் குருவி' என்று பின்னால் தெரிந்துகொண்டேன். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்தைக் கழிக்கத் தெற்கே தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. பகலில் தங்கி இரவில் பறந்து வரும். வந்து சேரும்போது களைத்துப் போய், வெளிச்சத்தில் தடுமாறி, இப்படி ஜன்னலிலும் சுவரிலும் மோதிக்கொள்வது உண்டாம். அத்தனை தூரத்திலிருந்து வந்த விருந்தாளி எங்கள் வாழையடியில் ஏப்ரல் வரை தங்கிற்று. நான் செய்த உபசாரம் ஒன்றே ஒன்றுதான். அந்த மூலைச் சருகைப் பெருக்கவில்லை!

சமையலறை ஜன்னல்

பறவை பார்ப்பதற்குக் காட்டுக்குப் போக வேண்டுமென்று நினைக்காதீர்கள். நம் சமையலறை ஜன்னலைப்போல் வசதியான மறைவிடம் எந்தக் காட்டிலும் கிடைக்காது. ஜன்னலுக்குப் பின்னால் பாத்திரம் உருளும், மிக்ஸி அலறும், குக்கர் கூவும். பறவைகளுக்கு அதெல்லாம் பழகிப் போய்விடுகிறது. வெளியே வந்து நின்றால்தான் பயம்.

காப்பி கலக்கும் நேரத்தில் குண்டுக்கரிச்சான் பாட ஆரம்பிக்கும். கறுப்புக் கோட்டும் வெள்ளை வேட்டியும் போட்ட வக்கீலைப்போல் இருந்துகொண்டு, சங்கீத வித்வானைப்போல் பாடும். ஏழு மணிக்குத் தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து இறங்கும். ஏழு சகோதரிகள் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? குழாயடியில் கேட்கும் சண்டையெல்லாம் அங்கே கேட்கலாம். ஆனால் பூனையோ பாம்போ தலைகாட்டட்டும். அந்த நிமிஷமே சண்டையை மறந்து ஒன்று சேர்ந்து கூச்சல் போட்டு விரட்டும். நம் கூட்டுக் குடும்பங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம்!

வாழைப்பூவுக்குத் தேன்சிட்டு வரும். கறிவேப்பிலைப் பழத்துக்குக் குயிலும் கொண்டைக்குருவியும் வரும். மொட்டைமாடியில் நின்றால் குக்குறுவான் எங்கேயோ ஒளிந்துகொண்டு 'டொக், டொக், டொக்' என்று பாத்திரக் கடையில் செம்பு தட்டுவதுபோல் தட்டிக்கொண்டே இருக்கும்.

இவர்களை வரவழைக்கக் காசு செலவழிக்க வேண்டாம். அகலமான மண் சட்டியில், இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மேல் போகாமல், தண்ணீர் வையுங்கள். நிழலில், பூனை பதுங்க முடியாத இடத்தில் வையுங்கள். தினம் தண்ணீரை மாற்றிச் சட்டியைத் தேய்த்து விடுங்கள். இல்லாவிட்டால் பறவைக்கு முன் கொசு குடியேறிவிடும். செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழுவும் பூச்சியுமாகத்தான் ஊட்டுகிறது. மருந்தடித்த செடியில் குஞ்சுக்கு என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

காமிரா வந்தது

பார்ப்பது போதாதென்று படம் எடுக்கும் ஆசை வந்தது. என் கணவர் பொங்கலுக்குப் புடவை எடுத்துத் தருவதாகச் சொன்னார். "புடவை வேண்டாம், ஜூம் காமிரா வேண்டும்" என்றேன். அவர் முகத்தை அப்போது படம் எடுத்திருக்க வேண்டும்!

முதல் மாதம் நான் எடுத்த படங்களைப் பார்த்தால் சிரிப்பீர்கள். பாதி படங்களில் கிளை மட்டும் இருக்கும், பறவை போயிருக்கும். மீதியில் வால் மட்டும். போகப் போகச் சில விஷயங்கள் பிடிபட்டன. காலை வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பறவையின் கண் துலங்கினால் படம் துலங்கும்; கண் மங்கினால் மற்ற எதுவும் பிரயோசனமில்லை. துள்ளும் பறவைக்கு ஒரு விநாடியில் 1,000-ல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். உயரத்திலிருந்து குனிந்து எடுப்பதைவிட, தரையில் உட்கார்ந்து அதன் மட்டத்துக்கு எடுத்தால் படத்துக்கு ஜீவன் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, அசையாமல் உட்காரும் பொறுமை வேண்டும். காஸ் சிலிண்டருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காத்திருந்து பழகிய நமக்கு அது கஷ்டமா என்ன?

நம் தமிழ்நாட்டிலேயே இந்தக் கலையில் ஒரு பெரியவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். வெவ்வேறு பாகங்களை ஒன்று சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட காமிராவை வைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையிலேயே காட்டு ஜீவன்களை அற்புதமாகப் படம் பிடித்தவர். 1950-ல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதத் தொடங்கி, 1996-ல் காலமாகும் வரையில் 46 வருஷம் விடாமல் எழுதினார். பெண்களும் இதில் பின்தங்கவில்லை. ஜமால் ஆரா என்ற அம்மையார் பறவை பார்ப்பவர்களுக்காக எழுதிய புத்தகத்தை நேஷனல் புக் டிரஸ்ட் 1970-ல் வெளியிட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது. இனிமேல் சொல்லப் போவது அதன் பலன்.

ஓர் இலை

அந்த ஆகஸ்டில் பாதாம் கன்றில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியது. அது வீடு கட்டும் சாமர்த்தியத்தைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஊசி போன்ற அலகால் இலையின் ஓரத்தில் வரிசையாகத் துளை போடுகிறது. பஞ்சையும் சிலந்தி நூலையும் துளைக்குள் செலுத்தி, இரண்டு ஓரங்களையும் இழுத்துத் தைக்கிறது. இலை உறைபோல் ஆகிவிடுகிறது. அதற்குள் பஞ்சு மெத்தை. தைத்த இலை வாடுவதில்லை. மரத்திலேயே பச்சையாக இருக்கிறது. பக்கத்தில் நின்றாலும் அது கூடு என்று தெரியாது. போதாததற்கு, வாசலுக்கு நேரே இன்னோர் அகன்ற இலை திரைச்சீலைபோல் தொங்கியது.

12 நாள் அடைகாத்தபின் மூன்று குஞ்சுகள் பொரிந்தன. எனக்கோ படம் வேண்டும். அந்தத் திரை இலை எப்போதும் குறுக்கே நின்றது. இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள், தாய்ப்பறவை இரை தேடப் போன சமயம், கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் அந்த ஒரே ஓர் இலையை வெட்டினேன். பக்கத்து இலையை வளைத்து நூலால் கட்டினேன். ஊசியும் நூலுமாகப் பாடுபட்டு அது கட்டிய வீட்டைக் கெடுக்க நான் எடுத்ததும் நூல்தான்!

படம் பிரமாதமாக வந்தது. மூன்று சிவந்த வாய்கள், நடுவில் புழுவுடன் தாய். குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். நாத்தனார் குன்னூரிலிருந்து போனிலேயே கூப்பிட்டுப் பாராட்டினாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

மறுநாள் காலை பாதாம் கன்றில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இலை கிழிந்து தொங்கியது. பஞ்சு தரையில் கிடந்தது.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. கொஞ்ச நேரத்தில் தையல்சிட்டு அலகில் பச்சைப் புழுவுடன் வந்தது. கூட்டின் விளிம்பில் உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தது. பறந்து போயிற்று. மறுபடி வந்தது, அதே புழுவுடன். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. ஜன்னலை விட்டு வந்துவிட்டேன்.

தினந்தோறும் அந்தக் காகத்துக்குச் சோறு வைப்பவர் என் அத்தைதான். ஆனால் காகத்தின் மேல் என்ன குற்றம்? பசித்தவன் திறந்த வீட்டில் புகுந்தான். கதவைத் திறந்து வைத்தவள் நான்.

அத்தை என்னைத் திட்டவில்லை. கிழிந்த இலையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மிணி, பிரசவ ரூமுக்குள்ள ஒறம்பரைய விடுவமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கூட்டருகே நாம் அடிக்கடி போவதே ஆபத்து. நாம் எங்கே பார்க்கிறோம் என்று காகம் பார்த்துக்கொண்டிருக்கும். காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதை 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடுவதாகவே சொல்கிறது. துப்பாக்கி எடுத்தவன்தான் வேட்டைக்காரன் என்று நினைத்திருந்தேன். கத்தரிக்கோல் எடுத்தவளும்தான்!

குன்னூர் மலையில்

காமிரா ஏழு மாதம் பீரோவில் கிடந்தது. மார்ச் கடைசியில், நாத்தனார் பேரனுக்குக் காதுகுத்து என்று குன்னூர் போனோம். "எடுத்துக்கிட்டுப் போ அம்மிணி, மலைக் குருவியை நானும் பார்க்கணுமில்ல" என்று அத்தைதான் அதை எடுத்துக் கையில் கொடுத்தார்.

மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறினோம். தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த தண்டைப் பல்சக்கரத்தால் கவ்விக் கவ்வி மேலே ஏறும் ரயில். 1899-ல் குன்னூர் வரை ஓடத் தொடங்கியது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. ஏற ஏறக் காற்றும் மாறுகிறது, குரல்களும் மாறுகின்றன. குன்னூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். நம் கொல்லையில் பார்த்தவர்களில் பாதிப் பேரை அங்கே காணோம்.

காதுகுத்து முடிந்த மறுநாள் விடியற்காலையில், தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் என்னை ஒரு சோலைக்கு அழைத்துப் போனார். சோலை என்றால் பூங்கா அல்ல. இந்த மலைகளில் இரண்டு மேடுகளுக்கு நடுவே, பள்ளத்தில் மட்டும் அடர்ந்து நிற்கும் பசுங்காடு. மரமெல்லாம் பாசி. கீழே எப்போதும் ஈரம். ஒரு காலத்தில் புல்வெளியும் சோலையுமாக இருந்த நீலகிரியில், பிறகு தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் பெரும்பாலான இடத்தைப் பிடித்துக்கொண்டன. எஞ்சிய சோலைகளில்தான் பழைய குடிகள் ஒண்டிக் கொண்டிருக்கின்றன.

உள்ளே போனதும் யாரோ பலமாகச் சிரித்தார்கள். திடுக்கிட்டேன். "பயப்படாதீங்கம்மா, சிரிப்பான் குருவிங்க" என்றார் பெரியவர். நீலகிரிச் சிரிப்பான், இந்த மலைப் பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மேலே ஒரு கிளையில் நீல மையில் முக்கி எடுத்ததுபோல் நீலகிரி ஈப்பிடிப்பான். ஆனால் நான் பார்க்க விரும்பியது வேறொன்று. கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். ஆணுக்குத் தலையும் சிறகும் கறுப்பு. மற்றதெல்லாம் தணல் நிறம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும் வாழ்வது. புதரடி இருட்டை விட்டு அதிகம் வெளியே வராது.

அங்கே இரண்டு இளைஞர்கள் பெரிய பெரிய லென்ஸோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் செல்போனில் அந்தப் பறவையின் குரலைப் பதிவு செய்து வைத்திருந்தார். அதைப் போட்டதும் புதருக்குள் ஒரு தணல் பறந்தது. இங்கே உட்கார்ந்தது, அங்கே உட்கார்ந்தது, சிறகை அடித்துக்கொண்டது. தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டான் என்று தேடுகிறது, பாவம்! அது கூடு கட்டும் பருவம். தேடுகிற நேரமெல்லாம் இரை தேடாத நேரம்.

"அக்கா, நீங்களும் எடுத்துக்கோங்க. நல்லா வருது!" என்றார் அந்தப் பிள்ளை அன்பாகவே.

கை காமிராவைத் தூக்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். ஜூமில் கண்ணை வைத்தேன். அலகைத் திறந்துகொண்டு அது ஒரு குச்சியில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் பார்த்தது. அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருந்தேன், எங்கள் ஜன்னலிலிருந்து.

காமிராவை இறக்கிவிட்டு, அந்த இருவருக்கும் தையல்சிட்டுக் கதையைச் சொன்னேன். உபதேசம் செய்யவில்லை. நான் செய்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். கேட்டுவிட்டு அந்தப் பிள்ளை போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் நால்வரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப் போயிற்று. அட்டை ஒன்று என் பாதத்தில் விருந்து சாப்பிட்டது. பிறகு யாரும் அழைக்காமலே அது வந்தது. தரையிலிருந்து ஒரு பூச்சியைக் கொத்திக்கொண்டு, என் முழங்காலுக்கு எதிரே ஒரு சுள்ளியில் வந்து உட்கார்ந்தது. காமிராவைத் தூக்கினேன். ஜூம் எட்டப் பார்க்குமே தவிர, இத்தனை கிட்டத்தில் பார்க்காது! எல்லாம் மங்கல். மடியில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். அதன் கண்ணில் சோலையின் வெளிச்சம் ஒரு புள்ளியாக மின்னியது. பூச்சியை விழுங்கியது. வாலை ஒருமுறை ஆட்டியது. தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, "மலைக் குருவி எங்கே? காட்டு" என்றார். படம் இல்லை என்றேன். பார்த்ததை வாயால் சொன்னேன். அரைமணி நேரம் கேட்டுவிட்டு, "படத்தைவிட இது நல்லாயிருக்குது" என்றார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு

சென்ற ஜூலையில் மறுபடியும் ஒரு தையல்சிட்டு எங்கள் கொல்லையில் வீடு கட்டியது. அதே ஜோடியா, வேறு ஜோடியா, எனக்குத் தெரியாது. துணி உலர்த்தும் கொடியை அந்தப் பக்கத்திலிருந்து மாற்றிக் கட்டினேன். அந்த மாதம் முழுவதும் நான் பாதாம் பக்கம் போகவில்லை. ஒரு நாள் காலை செம்பருத்தி வேலியில் வாலில்லாத மூன்று பொடிப் பயல்கள் வரிசையாக உட்கார்ந்து கத்தினார்கள். அவர்களாகவே ஜன்னலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தால் படம் எடுப்பதில் என்ன தப்பு? எடுத்தேன். கூட்டை விட்டு வெளியே வந்த குஞ்சுகள். இந்தப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. பழைய படத்தையும் நான் அழிக்கவில்லை. யாருக்கும் காட்டுவதுமில்லை. எனக்கு மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்வேன்.

2015-லிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழ்நாட்டில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பண்டிதர்தான் எண்ண வேண்டும் என்பதில்லை. பொங்கல் விடுமுறையில் கால்மணி நேரம் ஒதுக்கி, கொல்லையிலோ மாடியிலோ நின்று, எந்தப் பறவை எத்தனை என்று எண்ணி, 'ஈ-பேர்ட்' என்ற இணையதளத்தில் பதிந்தால் போதும். எங்கள் வீட்டில் அத்தை எண்ணிச் சொல்வார், நான் எழுதுவேன். "காக்காயையும் எழுது அம்மிணி, விட்டுறாதே. அதுவும் நம்ம வீட்டு ஆளுதான்" என்பார்.

உங்களுக்குக் கொல்லை இல்லையா? மாடிக் குடித்தனமா? ஒரு ஜன்னலாவது இருக்குமல்லவா? நாளைக் காலை ஆறு மணிக்கு, பால் பொங்குவதற்குள், அதைத் திறந்துகொண்டு பேசாமல் நில்லுங்கள். காமிரா வேண்டாம். யாரோ ஒரு விருந்தாளி கட்டாயம் வருவார். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வந்ததும் வராததுமாகக் கலைக்காதீர்கள். அதுதான் அவருக்கு நாம் செய்யக்கூடிய உபசாரம்.